குரங்கு செத்து விழுந்த காட்டில்

தை பிறந்து பனி விலகத் தொடங்கியதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகள் நிறம் மாறிவிடும். தேக்கும் வெக்காலியும் இலையை உதிர்த்துவிட்டு நிற்க, புரச மரம் செம்மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். மழைக்காலத்தில் அட்டைக்கும் சேற்றுக்கும் பயந்து ஒதுங்கியிருந்தவர்கள் இப்போது துணிந்து உள்ளே போவார்கள். தடம் காய்ந்திருக்கும், யானை நிற்பதும் தூரத்திலேயே தெரிந்துவிடும். விறகு பொறுக்குபவர், தேன் எடுப்பவர், மாடு மேய்ப்பவர், பறவை பார்க்க வருபவர் எல்லோருக்கும் காடு திறந்துகிடக்கும் காலம் இது. மலைக்காட்டு உண்ணிகளில் ஒரு வகை, மனிதரைக் கடிக்கும் பருவத்தை எட்டிப் பெருகி நிற்பதும் இதே மாதங்களில்தான். அதன் வழியாக வருவது குரங்குக் காய்ச்சல். கன்னட மலைநாட்டில் அதை ‘மங்கன காயிலே’ என்பார்கள். மருத்துவ நூல்களில் கியாசனூர் காட்டு நோய்.

மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ரத்தம் குடித்து உப்பித் தொங்கும் உண்ணியை எல்லோரும் பார்த்திருப்போம். அது வளர்ந்த பெண் உண்ணி. காட்டில் மனிதரைப் பிடிப்பது பெரும்பாலும் அதன் இளம் பருவம். நிம்ஃப் என்று பெயர். எட்டுக் கால், பழுப்பு நிறம், பட்டினியாக இருக்கும்போது ஒரு கசகசா விதையை விடச் சற்றுப் பெரிது. பேண்ட்டில் ஏறினால் தூசி என்று நினைத்து விட்டுவிடுவோம். குரங்குக் காய்ச்சலைப் பரப்பும் இந்த இனத்துக்குக் கண் கிடையாது. முன்னங்கால்களின் நுனியில் உள்ள ஹாலர் உறுப்புதான் அதற்கு எல்லாம். நாம் விடும் மூச்சின் கரியமில வாயு, உடம்புச் சூடு, வியர்வை வாடை மூன்றையும் அதைக் கொண்டே அறிந்துகொள்கிறது.

உண்ணி பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து தலையில் விழாது. சருகின் விளிம்பிலோ புல் நுனியிலோ பின்கால்களால் பற்றிக்கொண்டு, முன்கால்களை விரித்துக் காத்திருக்கும். உரசிக்கொண்டு போகும் காலில் தொற்றி, மெல்லிய தோலும் ஈரமும் உள்ள இடம் தேடி மேலே ஏறும். முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, பெல்ட் அழுத்தும் இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். அங்கே தோலைக் கீறி, பின்னோக்கி வளைந்த முட்கள் வரிசையாக உள்ள ஒரு குழலை உள்ளே இறக்குகிறது. அதைச் சுற்றிப் பசை போன்ற சுரப்பு இறுகிப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலில் கடிவாயை மரத்துப்போகச் செய்யும் பொருளும் உண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளும் உண்டு. எறும்பு கடித்தால் துள்ளும் நாம், உண்ணி கடித்ததை அரிப்பு வந்த பிறகுதான் கவனிக்கிறோம். பல நேரம் அதுவும் இல்லை.

ஏன் இந்தப் பருவம் என்பதற்கு உண்ணியின் ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். குரங்குக் காய்ச்சலைப் பரப்புவதில் முதன்மையான இனம் ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் வளர்ந்த பெண் உண்ணிகள் மாடு, மான் போன்ற பெரிய விலங்குகளில் ரத்தம் குடித்துவிட்டு உதிர்ந்து, சருகுக்கடியில் கூட்டம் கூட்டமாக முட்டையிடும். மழை ஓய்ந்ததும் ஆறுகால் குஞ்சுகள் வெளிவந்து எலி, மூஞ்சூறு, தரையில் இரை பொறுக்கும் பறவைகள் மேல் ஏறும். வயிறு நிறைந்ததும் மறுபடி உதிர்ந்து, தோலுரித்து, எட்டுக்கால் நிம்ஃபாக மாறும். மார்கழியில் பெருகத் தொடங்கும் இந்த நிம்ஃப்கள் அடுத்த மழை இறங்கும்வரை காட்டில் இருக்கும். இந்த உண்ணி வாழ்நாளில் உண்பது மூன்றே முறை. ஒவ்வொரு முறையும் வேறொரு விலங்கு. முதல் உணவோடு உள்ளே போன வைரஸ் தோலுரித்த பின்னும் உடம்பில் தங்கி, அடுத்த உணவின்போது அடுத்த விலங்குக்குள் இறங்குகிறது. இந்த ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் நோயே இல்லை.

உண்ணிக்கும் வசந்தகாலக் காட்டு நோய்க்கும் உள்ள உறவு வேறொரு நாட்டில் முன்பே தெரிந்திருந்தது. 1937இல் சோவியத் நாட்டின் தூரக் கிழக்கில், பனி உருகியதும் தைகா காட்டுக்குள் போன மரம் வெட்டுபவர்களையும் படைவீரர்களையும் ஒரு மூளைக்காய்ச்சல் தாக்கிக்கொண்டிருந்தது. லெவ் சில்பர் தலைமையில் சென்ற ஆய்வுக்குழு, அது வைரஸ் என்பதையும் உண்ணி கடித்து வருவதையும் ஒரே பருவத்தில் கண்டுபிடித்தது. குழுவில் இருந்தவர்களே சிலர் நோயில் விழுந்தார்கள். அதற்கு ரஷ்ய வசந்த-கோடை மூளையழற்சி என்று பெயர் வைத்தார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1957 தொடக்கத்தில், அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டம் சொரப வட்டாரத்திலிருந்து பூனாவின் வைரஸ் ஆய்வு மையத்துக்குச் செய்தி வந்தது. கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுகின்றன, பக்கத்துக் கிராமத்தாருக்குக் கடும் காய்ச்சல். கேட்டவர்களுக்கு முதலில் வந்தது மஞ்சள் காய்ச்சல் பற்றிய பயம். ஆப்பிரிக்காவிலும் அமெரிக்கக் கண்டத்திலும் மட்டும் இருந்த அந்த நோய் அமெரிக்கக் காடுகளில் தலைகாட்டுவது இப்படித்தான். முதலில் காட்டில் குரங்கு சாகும், பிறகு மனிதர் சாவார்கள். ஏடிஸ் கொசு நிறைந்த இந்தியாவுக்குள் அது நுழைந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கவலையோடுதான் டெல்போர்ட் வொர்க் தலைமையில் ஆய்வாளர்கள் ஓடினார்கள். குரங்குகளின் உடலிலிருந்தும் நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும் வைரஸைப் பிரித்துப் பார்த்தபோது அது மஞ்சள் காய்ச்சல் இல்லை. ரஷ்யாவின் வசந்த-கோடை நோய்க்கு நெருங்கிய உறவாக இருந்தது. கொசுவை விட்டு உண்ணியைத் தேடச் சொன்னது அந்த உறவுதான். அந்த ஆண்டு 466 பேருக்கும், 1958இல் 181 பேருக்கும் நோய் கண்டது.

குரங்கின் பங்கைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பெயரால் அதன்மேல் பழி விழுகிறது. கருமுகச் சாம்பல் மந்தியும் நாட்டுக் குரங்கும் நம்மைப் போலவே நிம்ஃப் கடித்து நோய்வாய்ப்படுபவை. நம்மைவிட வேகமாகச் சாகவும் செய்கின்றன. நோயுற்ற குரங்கின் ரத்தத்தில் வைரஸ் மிகுந்திருக்கும் நாட்களில் அதன்மேல் ஒட்டியிருக்கும் உண்ணிகள் எல்லாம் வைரஸைக் குடிக்கின்றன. குரங்கு இறந்து உடல் குளிர்ந்ததும் அத்தனையும் இறங்கிவிடும். அந்த மரத்தடி நோய் நிறைந்த ஓர் இடமாக மாறி வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். குரங்கு கடித்து இந்த நோய் வருவதில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கும் பரவுவதில்லை. குரங்குக் கூட்டத்தை விரட்டினாலோ கொன்றாலோ ஊர் காப்பாற்றப்படும் என்று நினைப்பது தவறு. விரட்டப்பட்ட கூட்டம் உண்ணியையும் சேர்த்து அடுத்த காட்டுக்குக் கொண்டுபோகும்.

மாட்டின் கதை வேறு. மாடு நோயைச் சுமப்பதில்லை, உண்ணியைச் சுமக்கிறது. கொலம்பியாவில் காட்டு மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்து பெயர்பெற்ற ஹோர்ஹே பொஷெல், மலைநாட்டில் வேலை செய்த பிறகு 1969இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். அடர்ந்த காட்டில் வைரஸும் எலியும் உண்ணியும் அளவோடு, சத்தமில்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தன. வயலுக்கும் தோட்டத்துக்கும் காட்டை வெட்டி, விளிம்பில் மாடுகளை மேயவிட்டபோது வளர்ந்த உண்ணிகளுக்குப் பஞ்சமில்லாத ரத்தம் கிடைத்தது. உண்ணி பெருகியது, குரங்கும் மனிதரும் அதன் வழியில் வந்து நின்றார்கள். பின்னர் 1980களின் தொடக்கத்தில் தட்சிண கன்னடத்தின் பெல்தங்கடிப் பகுதியில், முந்திரி போடக் காட்டை மொட்டையடித்த இடத்தைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நோய் தாக்கியபோது, பொஷெல் சொன்னது கண்ணெதிரே நடந்ததுபோல இருந்தது.

நீண்டகாலம் கர்நாடகத்தின் சில மாவட்டங்களோடு நின்றிருந்த நோய் 2012இல் எல்லை தாண்டியது. பந்திப்பூரில் செத்த குரங்குகளைக் கையாண்டு எரித்த வனப் பணியாளர்களுக்குக் காய்ச்சல் கண்டது. அதையொட்டி நீலகிரியில் இறந்த குரங்கிடமும் வைரஸ் இருப்பது உறுதியானது. 2013இல் வயநாடு, அடுத்த ஆண்டு மலப்புறம், 2015இல் கோவாவின் சத்தாரி வட்டம், 2016இல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் என்று மலைத்தொடர் நெடுகத் தலைகாட்டியது. வயநாட்டில் 2015இல் மட்டும் நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், பெரும்பாலோர் பழங்குடியினர். முதுமலையும் பந்திப்பூரும் வயநாடும் ஒரே காடு. மாநில எல்லை நம் வரைபடத்தில்தான் இருக்கிறது.

ஊட்டிக்கும் குடகுக்கும் விடுமுறைக்குப் போய்வரும் குடும்பம் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். தார்ச்சாலையிலும் பூங்காவிலும் நடப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. நோய் கண்டவர்களின் பட்டியலைப் பார்த்தால் அதில் இருப்பவர்கள் சருகோடு வேலை செய்பவர்கள்தான். மலைநாட்டில் பாக்குத் தோட்டக்காரர்கள் இந்த மாதங்களில் காட்டுச் சருகை வாரிக் கொண்டுவந்து மாட்டுத் தொழுவத்தில் பரப்புவார்கள். சாணியும் கோமியமும் சேர்ந்து அது தோட்டத்துக்கு உரமாகும். அந்தச் சருகுக் கட்டைத் தலையில் சுமந்து வருபவர் பெரும்பாலும் ஒரு பெண். கோவாவில் முந்திரி பொறுக்கும் பருவமும் இதுவே. நம் பக்கம் தீக்காலம் வருவதற்கு முன் காட்டில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள். சருகைக் கூட்டி, புல்லைச் செதுக்கி, வெற்றுத்தரையாக்கும் வேலை அது. வேலை முடிந்ததும் அதே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, அதே தரையில் சற்றுக் கண்ணயர்வார்கள். சித்திரையில் காட்டுநாயக்கரும் குறும்பரும் தேனுக்குப் போவார்கள். தீ அபாயம் என்று மலையேற்றத்துக்குத் தடை விதிக்கும்போது நகரத்து ஆட்கள் வீட்டில் இருந்துவிடலாம். வேட்டைத் தடுப்புக் காவலரும் தீக் காவலரும் அந்தத் தடையின் பெயரால்தான் காட்டுக்குள் கூடுதலாக நிற்கிறார்கள். ‘காட்டுக்குப் போகாதீர்கள்’ என்ற சுவரொட்டி அறிவுரை அவர்களுக்கு எந்தப் பயனும் தராது. போனால் எப்படிப் போவது, திரும்பினால் என்ன செய்வது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

தடுப்பூசி இருக்கிறதே என்று கேட்கலாம். ரஷ்ய நோய்க்கான தடுப்பூசியையே முதலில் போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பிறகு இந்தியாவிலேயே செய்த தடுப்பூசி 1990 முதல் மலைநாட்டில் போடப்பட்டது. 2013இல் வெளியான ஆய்வு அதன் பலத்தை அளந்தது. இரண்டு தவணைக்கு 62.4 சதவீதப் பாதுகாப்பு, ஊக்கத் தவணையும் சேர்ந்தால் 82.9. ஊசி வலித்தது, தவணைகளை ஆண்டுதோறும் நினைவில் வைக்க வேண்டியிருந்தது, பலர் பாதியில் விட்டார்கள். வீரியம் குறைந்துவிட்டது தெரிந்து 2022இல் அதை நிறுத்தியும் விட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முயற்சியில் புதியது தயாராகி வருகிறது. 1957இல் கண்டுபிடித்த நோய்க்கு இன்னும் நம்பகமான தடுப்பூசி கையில் இல்லாததற்கு அறிவியலின் இயலாமை மட்டும் காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. நோயாளிகள் ஆண்டுக்குச் சில நூறு பேர், அவர்களும் காட்டோரத்து ஏழைகள் என்பதும் ஒரு காரணம்.

ஆகவே இப்போதைக்குக் கவசம் உடையும் எண்ணெயும்தான். வெளிர் நிறத்தில் முழுக்கால் உடை போட்டால் ஏறும் உண்ணி கண்ணில் படும். பேண்ட்டின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகிவிட்டால் அது துணிக்கு மேலேயே ஏற வேண்டியிருக்கும். தோல் தேடி அலையும் நேரம் நமக்கு லாபம். செருப்பைவிட மூடிய காலணி மேல். குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் உருவாக்கிய டெபா எண்ணெயைக் கர்நாடக சுகாதாரத் துறை பருவத்துக்கு முன்பே மலைநாட்டு வீடுகளுக்குக் கொடுக்கிறது. கணுக்கால், முழங்கால், கை, கழுத்து என்று பூசிக்கொண்டு போக வேண்டும். டீட், பிகாரிடின் கலந்த பூச்சுகளும் வேலை செய்யும். வெயில் தடுப்புக் களிம்பும் பூசுவதாக இருந்தால் முதலில் அது, மேலே இது. வியர்வையில் கரைந்துபோகும் என்பதால் மதியம் மறுபடி பூச வேண்டும். உட்காரக் கையோடு ஒரு தார்ப்பாய்த் துண்டு, இல்லாவிட்டால் பாறை. சருகின்மேல் உட்காரவே கூடாது.

திரும்பி வந்ததும் செய்வது இதைவிட முக்கியம். போட்டிருந்த துணியைக் கட்டிலில் எறியாமல் கொதிநீரில் ஊறப்போட வேண்டும். சோப்புப் போட்டுத் தேய்த்து வெந்நீரில் குளிக்கும்போது கையால் தடவிப் பார்த்தாலே ஊரும் உண்ணிகள் அகப்படும். பிறகு நல்ல வெளிச்சத்தில், மடிப்புகளையும் தலைமுடியையும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னும் பிடரியிலும் கட்டாயம் பார்க்க வேண்டும். கூட வந்த நாயையும் விடக்கூடாது.

ஒட்டிப் பிடித்திருக்கும் உண்ணியைக் கண்டால் நம் கை உடனே போவது தீக்குச்சிக்கும் மண்ணெண்ணெய்க்கும் சுண்ணாம்புக்கும்தான். மூன்றும் வேண்டாம். சுட்டாலும் எரிந்தாலும் உண்ணி தவிக்கும். தவிக்கும்போது வயிற்றிலும் எச்சில் சுரப்பியிலும் இருப்பதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கக்கூடும். கூர்முனை இடுக்கி ஒன்று போதும். அதன் முனையைத் தோலோடு ஒட்டவைத்து, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடிக்க வேண்டும். உப்பிய வயிற்றைப் பிடிக்கக் கூடாது. திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக நேர்மேலே இழுத்தால் தோல் சற்றுக் கூடாரமாக எழும்பி, பிறகு விட்டுவிடும். வாய் முள் ஒன்றிரண்டு தங்கினாலும் பதற வேண்டாம், தோல் தானே தள்ளிவிடும். இடத்தைச் சோப்பாலும் ஸ்பிரிட்டாலும் துடைத்து, கையைக் கழுவ வேண்டும். எடுத்த உண்ணியை நகத்தில் வைத்து நசுக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. அதன் உள்ளே இருப்பது விரலில் உள்ள கீறல் வழியே ஏறிவிடலாம். ஒட்டும் நாடாவில் மடித்து ஒட்டி எறிவது நல்லது.

காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் பக்கத்தில் போகக் கூடாது. புகைப்படத்துக்காகவும் வேண்டாம், இரக்கப்பட்டுப் புதைக்கவும் வேண்டாம். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பி வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சொல்ல வேண்டும். கவச உடையில் வருபவர்கள் மாதிரி எடுத்து, உடலை எரித்து, சுற்றிலும் உண்ணிக்கொல்லி தூவுவார்கள். ஊரில் முதல் காய்ச்சல் வருவதற்கு முன்னால் கிடைக்கும் எச்சரிக்கை அநேகமாக அந்தக் குரங்கு ஒன்றுதான்.

கடித்த மூன்றிலிருந்து எட்டு நாளுக்குள் நோய் தொடங்கும். குளிர் நடுக்கத்தோடு திடீர்க் காய்ச்சல், நெற்றி பிளக்கும் தலைவலி, எழ முடியாத உடம்புவலி, கண் சிவப்பு, வாந்தி. சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியும். பெரும்பாலோர் இரண்டு வாரத்தில் தேறிவிட, பத்திலிருந்து இருபது சதவீதம் பேருக்கு மூன்றாம் வாரத் தொடக்கத்தில் காய்ச்சல் மறுபடி வந்து தலைச்சுற்றல், நடுக்கம், குழப்பம் என்று மூளையைத் தொடும். இறப்பு நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து. வைரஸைக் கொல்லும் தனி மருந்து இல்லை. நீர்ச்சத்தையும் ரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடித்து, ரத்தக்கசிவைக் கண்காணிப்பதே சிகிச்சை. சீக்கிரம் மருத்துவமனைக்குப் போவதால் உயிர் தப்புகிறது. வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன் வகைகளைத் தானாக வாங்கிப் போடுவது ரத்தக்கசிவைக் கூட்டிவிடலாம், பாராசிட்டமால் போதும்.

சிக்கல் என்னவென்றால், முதல் நாட்களில் இது டெங்குவைப் போலவே இருக்கும். மருத்துவரிடம் ‘காய்ச்சல், தலைவலி’ என்பதோடு நிறுத்தினால் அவர் டெங்குவுக்கும் டைபாய்டுக்கும் பரிசோதனை எழுதுவார். அது அவர் தவறு இல்லை. “போன வாரம் மசினகுடிப் பக்கம் காட்டு வேலைக்குப் போயிருந்தேன் சார், உண்ணி கடிச்சுது” என்று ஒரு வரி சேர்த்தால் அவர் யோசிக்கும் திசையே மாறிவிடும். அந்த ஒரு வரி இன்னொரு வகையிலும் உதவும். சிறு பூச்சிகள் கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் தமிழ்நாட்டில் சாதாரணமாகக் காணப்படும் நோய். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, உரிய நேரத்தில் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் அது குணமாகிவிடும்.

தேதியும் முக்கியம். காய்ச்சலின் முதல் சில நாட்களில் ரத்தத்தில் வைரஸே இருக்கும், அதை ஆர்.டி.-பி.சி.ஆர். காட்டிக்கொடுக்கும். நாள் செல்லச் செல்ல வைரஸ் குறைந்து எதிர்ப்பொருள் கூடும், அப்போது ஐ.ஜி.எம். பரிசோதனை தேவை. நாள் தெரியாமல் தவறான பரிசோதனை செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். காட்டுக்குப் போன நாள், போன இடம், காய்ச்சல் தொடங்கிய நாள் மூன்றையும் மருத்துவமனைச் சீட்டின் மேலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு அதை எழுதித் தருவது சீட்டுப் போடும் இடத்தில் இருப்பவரின் வேலையாக இருக்க வேண்டும்.